அந்த ஒரு நிமிஷ எக்ஸர்சைஸை எடுத்துடாதீங்க: விஸ்காம் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), ஃபிலிம் மேக்கிங் சொல்லிக்கொடுக்கிற எல்லா சாருக்கும் மேடத்துக்கும், சிலபஸ் போடுற கமிட்டியில இருக்கிறவங்களுக்கும் வணக்கம்.

நான் சென்னையில ஒரு காலேஜ்ல விஸ்காம் மூணாவது வருஷம் படிக்கிறேன், சொந்த ஊர் திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை பக்கம். போன வாரம் கேன்டீன்ல ஒரு ஜூனியர் பொண்ணு சொன்னா, இந்த வருஷத்துல இருந்து ஃபர்ஸ்ட் இயருக்கு தனித்தனி வீடியோ எக்ஸர்சைஸ் கிடையாதாம், எட்டு எட்டு பேரா குரூப் பிரிச்சு நேரா பத்து நிமிஷ ஷார்ட் ஃபிலிம் எடுக்கணுமாம். ஃபெஸ்டிவலுக்கு அனுப்பலாம், போர்ட்ஃபோலியோவுக்கு ஆகும், பேரன்ட்ஸுக்கு போட்டுக் காட்டலாம்னு காரணம் சொல்லியிருக்காங்க. வேற காலேஜ்ல படிக்கிற ரெண்டு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டா அங்கயும் இதே பேச்சுதான் ஓடுதுங்கிறாங்க. கேட்டதுல இருந்து மனசே சரியில்ல, அதான் யாரோ ஒருத்தருக்குன்னு இல்லாம உங்க எல்லாருக்கும் சேர்த்து எழுதுறேன். நான் இந்த மூணு வருஷத்துல என்ன கத்துக்கிட்டேனோ அதுல பாதிக்கு மேல அந்த சின்னச் சின்ன எக்ஸர்சைஸ்ல கத்துக்கிட்டதுதான், அது எப்படின்னு கொஞ்சம் விவரமா சொல்லிடுறேன், படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

எங்களுக்கு வந்த முதல் எக்ஸர்சைஸ் ஒரே ஷாட், ஒரு நிமிஷம். கேமராவை ஆட்டக்கூடாது, ஜூம் கூடாது, மியூசிக் கூடாது, எடிட்டிங் கிடையாது, போன்ல எடுத்தா போதும். கிளாஸ்ல எல்லாருக்கும் முகம் தொங்கிப்போச்சு. அப்பதான் எங்க மேடம், பிரான்ஸ்ல சினிமாவை ஆரம்பிச்சு வச்ச லூமியர் சகோதரர்கள் பத்தி சொன்னாங்க, 1895 டிசம்பர் 28 பாரிஸ்ல டிக்கெட் போட்டு காட்டின பத்து படமும் ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷத்துக்கு உள்ளதான், ஏன்னா அவங்க கேமராப் பெட்டியில சுமார் 17 மீட்டர் ஃபிலிம்தான் பிடிக்கும், கையால சுத்தச் சுத்த ஐம்பது செகண்ட்ல தீர்ந்துடும், அதனால எங்க நிக்கிறது, எப்ப ஆரம்பிக்கிறதுன்னு ரெண்டே ரெண்டு முடிவுதான் அவங்க கையில இருந்துச்சு, உங்க கையிலயும் அந்த ரெண்டு முடிவுதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

எங்க ஹாஸ்டல் தெருமுனையில காலையில ஒரு அம்மா தரையில சாக்கு விரிச்சு கீரை விப்பாங்க. அவங்ககிட்ட கேட்டுட்டு, எதிர்ல மூடியிருந்த ஜெராக்ஸ் கடை படியில ரெண்டு செங்கல் வச்சு அதுக்கு நடுவுல போனை நிறுத்தி எடுத்தேன். நாப்பதாவது செகண்ட்ல ஒரு மாடு வந்துச்சு, கை சும்மா இருக்கல, போனை மாட்டுப் பக்கம் திருப்பிட்டேன். கிளாஸ்ல போட்டப்போ மேடம் ஒண்ணுதான் கேட்டாங்க, "மாடு எங்க போகுதுன்னு நாங்களே பார்த்திருப்போமேம்மா, நீ எதுக்கு திருப்புன?" பதில் சொல்லத் தெரியல. மறுபடி எடுத்துட்டு வான்னாங்க.

மறுபடி எடுத்தேன், இந்தத் தடவை கையைக் கட்டிக்கிட்டு தள்ளி நின்னுட்டேன். மாடும் வரல, ஒண்ணுமே நடக்காத ஒரு நிமிஷம்னுதான் நினைச்சு கொண்டு போய் கொடுத்தேன். அந்த ஒரு நிமிஷத்துல அந்த அம்மா பிளாஸ்டிக் மக்குல இருந்து கையால தண்ணி அள்ளி நாலு தடவை கீரை மேல தெளிக்கிறாங்க. மேடம் ரெண்டாவது தடவை ஓட விட்டு, தண்ணியை மட்டும் பாருங்கன்னாங்க. பார்த்தா நாலு தடவையும் தெருவுல யாராவது நடந்து வர்றப்போதான் தெளிக்கிறாங்க! ஆள் கிட்ட வர்ற நேரத்துக்கு கீரை பளபளன்னு இருக்கணும், ஆள் நிக்காம தாண்டிப் போயிட்டா அந்தக் கை அப்படியே மடியில வந்து விழுது. வெயிலுக்கு வாடாம இருக்க தெளிக்கிறாங்கன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். மூணு மாசம் தினமும் அந்தத் தெருவுல நடந்திருக்கேன், ஒரு நாள் கூட இதைப் பார்த்ததில்ல. இப்ப எந்த இடத்துக்கு லொகேஷன் பார்க்கப் போனாலும் முதல்ல பத்து நிமிஷம் கேமராவை எடுக்காம சும்மா நிப்பேன், அந்தப் பழக்கம் அங்க இருந்து வந்ததுதான்.

ரெண்டாவது எக்ஸர்சைஸ், ஒரு வேலையை ஆரம்பத்துல இருந்து முடியுற வரைக்கும் பத்து ஷாட்டுக்குள்ள காட்டணும், பேச்சு இருக்கக்கூடாது. நான் தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனப்போ அம்மா பூ கட்டுறதை எடுத்தேன். எங்க பக்கம் பூ மார்க்கெட் பெருசு, அம்மா கடைக்கு மல்லி கட்டிக் கொடுப்பாங்க. இடது கை விரல்ல நூலைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், ரெண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்பு காம்போட சேர்த்து நூலை ஒரு சுருக்குப் போட்டு இழுத்தா முடிஞ்சது, கண்ணு கையில இருக்காது, டிவியில இருக்கும். சின்ன வயசுல இருந்து பார்த்த வேலை, இதை எடுக்கிறதுல என்ன கஷ்டம்னு உக்காந்தேன்.

முதல்ல அம்மாவுக்கு எதிர்ல உக்காந்து எடுத்தேன், கட்டுன சரம் ஸ்கிரீன்ல வலது பக்கமா நீண்டுக்கிட்டு போகுது. அப்புறம் ஜன்னல் வெளிச்சம் நல்லா விழுதுன்னு அம்மா முதுகுக்குப் பின்னாடி போய் தோளுக்கு மேல இருந்து எடுத்தேன், இப்ப அதே சரம் இடது பக்கமா போகுது. ரெண்டையும் ஒட்டிப் பார்த்தா அம்மா கட்டுன பூவை அம்மாவே உக்காந்து அவுக்கிற மாதிரி இருக்கு. 180 டிகிரி ரூல், அதாவது காட்சிக்குக் குறுக்கே ஒரு கோடு இருக்கிறதா வச்சுக்கிட்டு கேமரா அதுக்கு ஒரே பக்கம்தான் நிக்கணும்னு, நோட்ல வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, இன்டர்னல் எக்ஸாம்ல அஞ்சு மார்க்குக்கு முழுசா எழுதுனவதான் நான். அந்தக் கோடு நிஜமா ஒரு இடத்துல இருக்கு, அதைத் தாண்டினா அம்மாவோட வேலையே தலைகீழா மாறிடும்னு அன்னைக்கு லேப்டாப் முன்னாடி உக்காந்திருந்தப்போதான் புரிஞ்சது.

அதை விட பெரிய தப்பு ஒண்ணு பண்ணியிருந்தேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சது, நடுவுல போன் சார்ஜ் போச்சு, பக்கத்து வீட்டு சித்தி வந்தாங்க, கடைசி ரெண்டு க்ளோசப் எடுக்கிறப்போ ராத்திரி ஏழு மணி ஆயிடுச்சு. எடிட் பண்றப்போ அந்த க்ளோசப் ரெண்டையும் நடுவுல செருகிட்டேன். சென்னையில கிளாஸ்ல போட்டா யாருக்கும் எதுவும் தெரியல, நல்லாருக்குன்னாங்க. ஊருக்கு அனுப்பி வச்சேன், அம்மா ஒரு தடவை பார்த்துட்டு உடனே போன் பண்ணி, "என்னடி இது, பூ விரியுது, மூடிக்குது, மறுபடி விரியுது?" மல்லி மொட்டு பொழுது சாய்ஞ்சாதான் விரியும், இது எங்க ஊர்ல குழந்தைக்குக் கூட தெரியும், எனக்கும் தெரியும். ஆனா தள்ளி நின்னு எடுத்த வைட் ஷாட்ல மொட்டு, க்ளோசப்ல விரிஞ்ச பூ, அடுத்த வைட் ஷாட்ல மறுபடி மொட்டு, இது என் கண்ணுக்குத் தப்பிடுச்சு! ஏன்னா எனக்கு அப்ப ஃபோகஸ் சரியா இருக்கா, ஃபிரேம் அழகா இருக்கான்னுதான் கவலை. கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போறதுன்னா, சட்டை கலர் மாறாம பார்த்துக்கிறதுன்னு நினைச்சிருந்தேன் சார்.

அந்த ராத்திரி க்ளோசப்ல இன்னொரு பிரச்சினையும் இருந்துச்சு, டியூப்லைட் வெளிச்சத்துல பட்டை பட்டையா கோடு ஓடுது. போன் கெட்டுப்போச்சுன்னு பயந்துட்டேன். லேப்ல இருக்கிற அண்ணன்தான் சொன்னாரு, நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் செகண்டுக்கு நூறு தடவை கூடிக் குறையும், உன் போன் ஷட்டர் செகண்டுல அறுபதுல ஒரு பங்குல நிக்குது, ரெண்டும் ஒத்துவரல, ஐம்பதுல ஒரு பங்கோ நூறுல ஒரு பங்கோ வச்சா கோடு போயிடும்னு. போன்ல எடுத்தா ஃபிரேம் ரேட் (செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்ங்கிறது) நிலையா நிக்காம கூடிக் குறையும், தனியா ரெக்கார்ட் பண்ண சவுண்டை வச்சா போகப் போக உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் நழுவும், எடிட்டுக்கு முன்னாடி ஒரே ஃபிரேம் ரேட்டுக்கு மாத்திக்கணும்னும் அவர்தான் சொன்னாரு. இதெல்லாம் சிலபஸ்ல எந்த யூனிட்லயும் இல்ல, என் ஒன்றரை நிமிஷ வீடியோவுல தப்பு வந்ததால தெரிஞ்சுக்கிட்டது.

ரீஷூட்டுக்கு மேடம் மூணு வாரம் டைம் கொடுத்தாங்க. இந்தத் தடவை கோட்டைத் தாண்டல, க்ளோசப் எல்லாத்தையும் மொட்டு மொட்டா இருக்கிறப்பவே முதல் ஒரு மணி நேரத்துல எடுத்து முடிச்சுட்டேன். அப்புறம் ஏழு மணிக்கு கடைசியா ஒரே ஒரு ஷாட், கட்டி முடிச்ச சரம் ஈரத் துணியில சுருட்டி வச்சிருக்கு, எல்லா மொட்டும் விரிஞ்சிருக்கு, அம்மா கை ஃபிரேம்ல இல்ல. எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு ஸ்கிரீன்ல எழுத்துக் கார்டு போடவே வேண்டி வரல, பூவே சொல்லிடுச்சு. முதல் தடவை தப்பு பண்ணலைன்னா அந்தக் கடைசி ஷாட் எனக்குத் தோணியே இருக்காது.

லூமியர் தொழிற்சாலை வாசல்ல இருந்து வேலையாட்கள் வெளிய வர்ற அந்தப் படத்துக்கே மூணு வெர்ஷன் இருக்கு, ஒண்ணுல வண்டிக்கு ஒரு குதிரை, ஒண்ணுல ரெண்டு குதிரை, இன்னொண்ணுல குதிரையே இல்ல. சினிமா ஆரம்பிச்சப்பவே மறுபடி எடுத்துத்தான் பார்த்திருக்காங்க. எங்களுக்கும் அந்த வாய்ப்பு வேணும்னுதான் கேக்கிறேன்.

மூணாவது எக்ஸர்சைஸ் பத்தி சீக்கிரமா சொல்லிடுறேன், ரஷ்யாவுல நூறு வருஷத்துக்கு முன்னாடி டைரக்டர் குலெஷோவ் பண்ணினதா எல்லா ஃபிலிம் ஸ்கூல்லயும் சொல்லுவாங்களே, ஒரே முகத்தை வேற வேற காட்சிக்குப் பக்கத்துல வச்சா பார்க்கிறவங்களுக்கு வேற வேற உணர்ச்சி தெரியும்னு, அதைத்தான் நாங்களும் செஞ்சு பார்த்தோம். எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு சும்மா உக்காந்திருந்த ஒரே க்ளோசப், அதுக்கு அடுத்து ஒரு தடவை காலி டிபன் பாக்ஸ், ஒரு தடவை ஆஸ்பத்திரி பெட், ஒரு தடவை தூங்குற பாப்பா. வேற செக்ஷன் பசங்களைக் கூப்பிட்டுக் காட்டினா ரெண்டாவதுல அவன் நடிப்பு சூப்பர்னு சொன்னாங்க, அவன் நடிக்கவே இல்ல. அன்னைக்கு நைட் எனக்கு தூக்கம் வரல, எடிட்ல கட் பண்றதுங்கிறது கத்திரிக்கோல் வேலை இல்ல, ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல பார்க்கிறவங்க மனசு வந்து உக்காந்துக்குதுன்னு முதல் தடவையா உணர்ந்தேன்.

இப்ப குரூப் ஷார்ட் ஃபிலிம் விஷயத்துக்கு வரேன், இதை சொல்லத்தான் முக்கியமா எழுத ஆரம்பிச்சேன்.

செகண்ட் இயர்ல நாங்களும் குரூப்பா ஒரு படம் எடுத்தோம், எட்டு பேர், தலைக்கு மூவாயிரம் போட்டு கேமராவும் லென்ஸும் ரெண்டு லைட்டும் வாடகைக்கு எடுத்தோம். எங்க குரூப்ல ஒருத்தன் வீட்டுல ஏற்கனவே கேமரா வச்சிருந்தான், கல்யாண வீடியோ வேலைக்கெல்லாம் போயிருக்கான், அதனால அவன்தான் கேமரா, அவன் ஃப்ரெண்டுதான் டைரக்டர். அவங்களை நான் குறை சொல்லல, வாடகை நாள் கணக்குல ஏறுது, தெரிஞ்சவன் கையில கொடுத்தா வேலை சீக்கிரம் முடியும்னு யாருக்கும் தோணும். எங்க குரூப்ல இருந்த மூணு பொண்ணுங்களுக்கும் வந்தது காஸ்ட்யூம், மேக்கப், கிளாப் போர்டு. கிளாப் போர்டு எனக்கு. நாலு நாள் ஷூட்ல நான் ஒரு தடவை கூட வ்யூஃபைண்டர்ல கண்ணு வைக்கல, கேக்கவும் தயக்கமா இருந்துச்சு, ஏன்னா நான் ஒரு ஷாட் தப்பா எடுத்தா அது எட்டு பேர் காசு. பக்கத்து குரூப்ல தமிழ் மீடியத்துல இருந்து வந்த ஒரு பையன், ரொம்ப அமைதியானவன், நாலு நாளும் ரிஃப்ளெக்டர் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நின்னான். படம் முடிஞ்சது, டைட்டில்ல எல்லார் பேரும் வந்துச்சு, எல்லாருக்கும் ஒரே மார்க்.

அந்தப் பையனோட ஃபர்ஸ்ட் இயர் ஒரு நிமிஷ ஷாட்டை நாங்க யாரும் இன்னும் மறக்கல. அவங்க அப்பா இஸ்திரி வண்டி வச்சிருக்காரு, கரிப்பெட்டியைத் திறந்து ஊதிட்டு, துணி மேல வைக்கிறதுக்கு முன்னாடி கையை மேல காட்டி சூடு பார்க்கிறாரு, அந்த ஒரு நிமிஷத்துல ஒம்பது தடவை காட்டுறாரு. முடிஞ்சதும் கிளாஸ்ல யாரும் பேசல. தனியா ஒரு எக்ஸர்சைஸ் கொடுத்ததாலதான் அவன் கையில கேமரா வந்துச்சு, என் கையிலயும் அதனாலதான் வந்துச்சு. குரூப் படம்னா ஏற்கனவே தெரிஞ்சவனுக்கு இன்னும் கொஞ்சம் தெரியும், தெரியாதவங்க தெரியாதவங்களாவே இருப்பாங்க, வசதி இருக்கிறவன் கேமரா பிடிப்பான், இல்லாதவன் ஸ்டாண்ட் தூக்குவான். ஃபர்ஸ்ட் இயர்லயே இதை ஆரம்பிச்சுட்டா மூணு வருஷமும் அதே இடத்துலதான் நிப்பாங்க.

டீச்சர்ஸ் பக்கம் இருக்கிற கஷ்டமும் எனக்குத் தெரியாம இல்ல. ஒரு கிளாஸுக்கு அறுபது பேர், ஒவ்வொருத்தருக்கும் நாலு எக்ஸர்சைஸ், திருத்தி மார்க் போடுறதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சிடும், கூடவே மத்த பேப்பர், அட்மிஷன் வேலை, நாக் (காலேஜ் தர மதிப்பீடு) வேலைன்னு ஓடுறீங்க. ஆனா ஒரு நிமிஷ எக்ஸர்சைஸ்னா அறுபது பேரோடதும் சேர்த்தே ஒரு மணி நேரம்தான், ரெண்டு தடவை ஓட விட்டாலும் ரெண்டு மணி நேரம், அதை நாலு கிளாஸா பிரிச்சுக்கலாம். தனியா உக்காந்து திருத்த வேண்டாம் மேடம், கிளாஸ்ல லைட்டை அணைச்சுட்டு புரொஜெக்டர்ல எங்க எல்லாரையும் வச்சுக்கிட்டு பாருங்க, அதுதான் எங்களுக்கு வேணும். எனக்கு மார்க் எவ்வளவு வந்துச்சுன்னு இப்ப ஞாபகம் இல்ல, "மாடு எங்க போகுதுன்னு நாங்களே பார்த்திருப்போமே"ங்கிறது மட்டும் காதுல இருக்கு. கூகுள் டிரைவ் லிங்க்ல போட்டுட்டு பதிலே வராம போன எக்ஸர்சைஸும் எங்களுக்கு இருந்துச்சு, அது என்ன டாபிக்னு கூட மறந்துபோச்சு.

குரூப் படமே வேண்டாம்னு நான் சொல்லல. சினிமாங்கிறது பத்து பேர் சேர்ந்து செய்யுற வேலைதான், சண்டை போடாம ஷெட்யூல் போடக் கத்துக்கணும், அது செகண்ட் இயர்ல வரட்டும், தேர்ட் இயர்ல வரட்டும். முதல் வருஷம் மட்டும் ஒவ்வொருத்தரும் தனியா நின்னு எடுக்கட்டும். போன் போதும், கேமரா வாடகைக்கு எடுக்கக்கூடாதுன்னே ரூல் போட்டுடுங்க, அப்பதான் காசு இருக்கிறவங்க இல்லாதவங்க வித்தியாசம் ஸ்கிரீன்ல தெரியாது. பேக்ரவுண்ட் மியூசிக்கை தயவுசெஞ்சு தடை பண்ணிடுங்க, முதல் தடவை நான் பூ வீடியோவுக்கு ஒரு சோக வயலின் போட்டு வச்சிருந்தேன், அதை எடுத்த பிறகுதான் நூலை இழுக்கிறப்போ வர்ற அந்தச் சின்ன சத்தம் கேட்டுச்சு, ஃபேன் ஓடிக்கிட்டு இருந்ததால அதுவும் சரியா கேக்கல, ரீஷூட்ல ஃபேனை நிறுத்திட்டுதான் எடுத்தேன். அப்புறம் முதல் தடவை எடுத்ததுக்கு மார்க் போடாதீங்க. ரெண்டாவது தடவை எடுத்ததுக்குப் போடுங்க, என்ன மாத்தினோம் ஏன் மாத்தினோம்னு எங்க வாயால சொல்ல வைங்க, எழுத்துல வேண்டாம், இப்பெல்லாம் எழுத்தை யார் எழுதுறாங்கன்னே தெரியல.

ஃபெஸ்டிவலுக்கு அனுப்ப முடியாதேன்னு கவலைப்படாதீங்க. டைரக்டர் கீஷ்லோவ்ஸ்கி போலந்துல லோட்ஸ் ஃபிலிம் ஸ்கூல்ல படிச்சப்போ 1966ல எடுத்த டிராம் படம் சத்தமே இல்லாத சில நிமிஷப் படம்தான், ராத்திரி நேரம், ஒரு பையன், ஒரு பொண்ணு, ஒரு டிராம், அவ்வளவுதான். மாணவரா எடுத்த அந்தப் பயிற்சியை இன்னைக்கும் உலகம் பூரா ஸ்டூடண்ட்ஸ் தேடிப் பார்க்கிறாங்க. எங்க டிபார்ட்மென்ட்ல போன பேட்ச் எடுத்த எக்ஸர்சைஸ் எதுவும் இப்ப இல்ல, ஹார்ட் டிஸ்க்ல இடம் இல்லைன்னு அழிச்சுட்டாங்க. எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம். நல்லா வந்ததை மட்டும் வச்சிருந்தா போதாது, தப்பா வந்ததையும் சரி பண்ணினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அடுத்த பேட்சுக்குக் காட்டணும், எந்தப் புத்தகத்துலயும் அது கிடைக்காது.

என்கிட்ட பூ கட்டுற வீடியோவோட ரெண்டு வெர்ஷனும் இருக்கு, பூ விரிஞ்சு மூடுற அந்த முதல் வெர்ஷனையும் பத்திரமா வச்சிருக்கேன். கீரைக்காரம்மா ஒரு நிமிஷம் ரெண்டும் இருக்கு, மாடு வந்ததும் சேர்த்து. இஸ்திரி வண்டி வீடியோவையும் கேட்டேன், காட்டிக்கலாம்னு அவன் சொல்லிட்டான், அவங்க அப்பாகிட்டயும் கேட்டாச்சு. எந்த காலேஜ்ல இருந்து கேட்டாலும் பென் டிரைவ்ல போட்டு நானே கொண்டு வந்து தரேன், சனிக்கிழமை எனக்கு கிளாஸ் கிடையாது.

இப்படிக்கு,
விஸ்காம் மூணாவது வருஷ மாணவி